விடியக்காலையில் இழுத்தடிக்கும் டீசல் கார்: ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கும் முறை

“எங்கட ஊர்ல குளிரே இல்ல, ஹீட்டர் பிளக் எதுக்கு?” மட்டக்களப்புக் கரையோரத்துக் களுவாஞ்சிக்குடியில் வாகன வயரிங் கடை போட்ட நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறேன். நியாயமான கேள்விதான். சூடான தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நான்கு பிளக்கில் இரண்டு செத்துக் கிடந்தாலும் கார் ஒன்றிரண்டு முக்கலோடு ஸ்டார்ட் எடுத்துவிடும். வாடை தொடங்கி, மார்கழி மழை பிடித்துக்கொண்டு, விடியற்காலை 23 பாகைக்கு இறங்கும்போதுதான் கோளாறு வெளியே வரும். அதைவிட மோசம், பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைநாடு போகிறவர்களின் பாடு. செங்கலடியில் திரும்பி ஏ5 வீதியைப் பிடித்தால் மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக அதே வீதி நுவரெலியா வரை போகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும் ஊர். இங்கே எந்தக் குறையும் சொல்லாத கார் அங்கே காலையில் பற்றரி இறங்கும்வரை சுற்றும். அங்கே காற்றும் அடர்த்தி குறைவு, அதனால் சிலிண்டருக்குள் நெரிபடும் சூடும் குறைவு.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினைந்தில், இருபதில் ஒரு பங்காக நெரிக்க, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றும். 2சி, 2எல், 3எல் போன்ற பழைய டொயோட்டா இஞ்சின்களில் டீசல் நேரே பிஸ்டன் மேல் விழுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் சீறுகிறது. இரவு முழுக்க ஆறிக் கிடந்த அந்த அறையின் சுவர், நெரிபட்ட காற்றின் சூட்டைக் குடித்துவிடும். அதற்காகத்தான் அறைக்குள் ஹீட்டர் பிளக்கின் முனை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சில விநாடிகளில் 850 பாகை, அதற்கு மேலும் சூடேறும். ஆகவே இந்த இஞ்சின்களுக்கு நம்முடைய வெயில் ஊரிலும் இரவு தாண்டிய முதல் ஸ்டார்ட்டுக்கு ஹீட்டர் வேண்டும். கொம்பியூட்டர் பார்த்து டீசலைச் சீறவைக்கும் புதிய கொமன் ரெயில் கார்கள் இங்கே பிளக் இல்லாமலே எடுத்துவிடும். அவற்றின் கதை வேறு, பிறகு சொல்கிறேன்.

முதலில் புகையைப் பாருங்கள்

பானட்டைத் திறக்க முன் ஒருவரைச் சைலன்சருக்குப் பின்னால் நிற்க வையுங்கள். நீங்கள் செல்ஃப் அடியுங்கள். கார் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, என்ன புகை வருகிறது என்பதுதான் கேள்வி.

கண் எரியும் வெள்ளைப் புகை, பச்சை டீசல் மணம் என்றால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை. ஹீட்டர் பிளக் மேல் சந்தேகப்பட இதுதான் சரியான அறிகுறி. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கைத் தொடாதீர்கள். டீசல் பில்டர் மேல் இருக்கும் கைப் பம்ப்பை அமுக்கிப் பாருங்கள். காலையில் அது தளதளவென்று இருந்து, பலமுறை அமுக்கிய பிறகுதான் இறுகுகிறது, இறுகியதும் கார் எடுக்கிறது என்றால், இரவில் எங்கோ காற்று உள்ளே போய் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், பில்டர் வாஷர், தளர்ந்த கிளிப் என்று அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். “ஹீட்டர் வீக்” என்று என் கடைக்கு வரும் வாகனங்களில் கணிசமானவை இந்தக் காற்றுக் கேஸ்தான்.

பற்றரியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பற்றரி முனையில் 10 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கினால், அல்லது இஞ்சின் சோம்பிச் சோம்பிச் சுற்றினால், பிளக் புதிதாக இருந்தாலும் பயனில்லை. மெதுவாக நெரிபடும் காற்றில் சூடு ஏறாது.

ஒரு பிளக் மட்டும் செத்திருந்தால் கார் எடுக்கும். ஆனால் முதல் நிமிடம் மூன்று சிலிண்டரில் உதறும், வெள்ளைப் புகை கக்கும், சூடேறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். மத்தியானம் ஒரு தடவையில் எடுத்துவிடும். மெக்கானிக்கிடம் மத்தியானத்தில் கொண்டுபோனால் “ஒண்டும் இல்லையே” என்றுதான் சொல்வார். இரவே காரை விட்டுவிட்டு வந்து, காலையில் அவரையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

டாஷ்போர்ட் விளக்கை நம்பவேண்டாம்

சுருள் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறது, ஆகவே ஹீட்டர் வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பழைய கார்களில் அந்த விளக்கு டைமரோடு கட்டப்பட்டது. நான்கு பிளக்கையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் திறப்பைத் திருப்பினாலும் அது அழகாக எரிந்து அணையும்.

விளக்கைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு, செலவில்லாதது. திறப்பை ஓனில் வைத்து, விளக்கு அணைந்ததும் ஓஃப் பண்ணி, மறுபடி ஓன். இப்படி இரண்டு மூன்று தரம் செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். வழக்கத்தைவிட லேசாக எடுத்தால், சூடு போதவில்லை என்பது உறுதி. பிளக்கா, வயரா, பிளக்குகளுக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் ரிலேயா என்பது அடுத்த கேள்வி.

கரண்ட் வருகிறதா

பிளக் வாங்கக் கடைக்கு ஓட முன் இதைப் பாருங்கள். சாமான் இரண்டு போதும். ஒன்று, சாதாரண டிஜிட்டல் மீற்றர். மற்றது, பழைய சிக்னல் லைட்டின் 21 வாட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு முழ வயர் ஒட்டி நீங்களே செய்யும் டெஸ்ட் லாம்ப். சின்ன எல்ஈடி போட்ட டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது. நூல் அளவு கரண்ட் வந்தாலே எரிந்து ஏமாற்றும்.

இஞ்சினின் பக்கவாட்டில், இன்ஜெக்டர்களுக்குக் கீழே, நான்கு பிளக்கின் தலையையும் இணைத்துக்கொண்டு ஒரு தகடு ஓடும். அதற்கு ஒரு தடித்த வயர் வந்து சேரும். மீற்றரின் சிவப்பு முனையைத் தகட்டிலும் கறுப்பு முனையைப் பற்றரி மைனஸிலும் பிடித்துக்கொண்டு, ஒருவரைத் திறப்பை ஓன் பண்ணச் சொல்லுங்கள். ரிலே “டக்” என்று அடிக்கும், மீற்றர் 11 வோல்ட்டுக்குக் கிட்ட ஏறும். சில விநாடிகளில், இஞ்சின் நன்றாக ஆறியிருந்தால் இன்னும் கொஞ்சம் நேரத்தில், மறுபடி “டக்” என்று விழும்.

சூடான இஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சர் “சூடு போதும்” என்று சொன்னால் டைமர் கரண்ட்டே விடாது, அல்லது ஒரு கணம் மட்டும் விடும். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் அந்தச் சென்சர் வயரைப் பிடுங்கிவிட்டால் டைமர் குளிர் என்று எடுத்துக்கொண்டு முழு நேரம் விடும். மத்தியானத்தில் சோதிக்க வேண்டியிருந்தால் அந்த வழி உதவும்.

இன்னொரு விஷயம். சில பழைய டொயோட்டாக்களில் 6 வோல்ட் பிளக், இரண்டு ரிலே, இடையில் ஒரு ரெசிஸ்டர் என்று ஓர் ஏற்பாடு இருக்கும். முதலில் முழு வோல்ட்டை விட்டு வேகமாகச் சூடேற்றி, பிறகு பாதிக்குக் குறைக்கும். உங்கள் மீற்றர் 11இல் நின்று சட்டென்று 5, 6க்கு இறங்கினால் அதுதான் அதன் இயல்பு. கோளாறு என்று நினைத்து ரெசிஸ்டரைத் தாண்டி நேராக வயர் இழுத்துவிடாதீர்கள், நான்கு பிளக்கும் போய்விடும்.

எதுவுமே வராவிட்டால் பெரிய பியூஸைப் பாருங்கள். பல கார்களில் பற்றரிக்குக் கிட்ட 60 அல்லது 80 அம்பியர் பியூஸ் ஒன்று ஹீட்டருக்கென்றே இருக்கும். அது நன்றாக இருந்து, ரிலே “டக்” அடிக்காவிட்டால், டைமர் பக்கம் அல்லது ரிலேயின் சுருள். “டக்” அடித்தும் தகட்டில் கரண்ட் இல்லையா? ரிலேக்குள் முனை கருகியிருக்கும்.

குறைவாக வருவதுதான் நம்முடைய கரையோரத்தில் அடிக்கடி நடப்பது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று படாத இடமே இல்லை. மருதமுனையிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணர்) தன் கொரோலாவைக் கொண்டுவந்தார். “தம்பி, பிளக் நாலும் புதுசு. அதுக்கு முன்னயும் ஒருக்கா மாத்தின. காலையில எடுக்குதில்ல” என்றார். பிளக்குகள் உண்மையிலேயே புதிது, நான்கும் நல்லது. தகட்டில் 7 வோல்ட்தான் வந்தது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி பிளஸில் குத்தி, மற்ற முனையை வழி நெடுக நகர்த்தினேன். பியூஸ் தாண்டியும் ஒன்றும் குறையவில்லை. ரிலே உள்ளே போகும் முனையிலும் சரி. ரிலேயை விட்டு வெளியே வரும் வயரின் காதில் (நுனியில் அமுக்கிய உலோக வளையத்தில்) வைத்ததும் மீற்றர் நாலரை வோல்ட் காட்டியது. அவ்வளவும் அந்த இடத்தில் தொலைகிறது. ரப்பர் மூடியை விலக்கினால் காது பச்சை பூத்து, வயருக்குள்ளும் பச்சை ஏறி, சில இழைகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தன. வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதுக் காது அமுக்கி, ஈயம் வைத்து, கிறீஸ் பூசி மூடினேன். அவர் வாங்கிய பிளக் காசு திரும்பவா வரும்?

இப்படி முனையை வழி நெடுக நகர்த்திப் பார்ப்பதை நீங்களும் செய்யலாம். ஹீட்டர் ஓடும்போது பற்றரி பிளஸுக்கும் தகட்டுக்கும் இடையில் மீற்றர் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எங்கோ தொலைகிறது; படிப்படியாகப் பின்னால் வாருங்கள். நான் மேலே சொன்ன 6 வோல்ட் ஏற்பாட்டில் இதை முதல் சில விநாடிக்குள், ரெசிஸ்டருக்கு மாற முன் பார்த்துவிட வேண்டும். மைனஸ் பக்கத்தையும் மறக்கவேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பற்றரி மைனஸுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் வயரைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான்.

பிளக் ஒவ்வொன்றாக

கரண்ட் ஒழுங்காக வருகிறது என்று தெரிந்த பிறகுதான் பிளக். முதலில் பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். அந்தத் தகடு நேராகப் பற்றரியோடு பேசும் சாமான். ஸ்பானர் ஒரு பக்கம் தகட்டிலும் மறுபக்கம் இஞ்சினிலும் பட்டால் வெல்டிங் மாதிரிப் பொறி பறக்கும். கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

தகட்டைப் பிடித்திருக்கும் சின்ன நட்டுகளைக் கழற்றித் தகட்டை முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அளந்தால் நான்கையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள், செத்தது எது என்று தெரியாது. தகடு வந்ததும், அந்தத் தடித்த வயரின் காதை எதிலும் படாமல் துணியால் சுற்றிவிட்டு, பற்றரி மைனஸைத் திரும்பப் போடுங்கள். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பற்றரி பிளஸில் கொடுத்து, மற்ற முனையால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் பிளக்கின் கம்பி அறவில்லை. எரியாவிட்டால் அது செத்தது, சந்தேகமே வேண்டாம். பல்ப் ஒன்று மங்கலாக எரிந்தால் பிளக் தலையைச் சுரண்டிவிட்டு மறுபடி தொடுங்கள்.

ஆனால் பல்ப் எரிந்துவிட்டது என்பதற்காகப் பிளக் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மீற்றரை ஓம் அளவுக்கு மாற்றுங்கள். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயரின் சொந்தக் கணக்கு, பிறகு கழிக்க வேண்டும். 11, 12 வோல்ட் பிளக் ஒன்று ஆறிய நிலையில் பெரும்பாலும் அரை ஓமுக்கும் 2 ஓமுக்கும் இடையில் நிற்கும். 6 வோல்ட் பிளக் இன்னும் குறையும். எண்ணைவிட ஒற்றுமைதான் முக்கியம்: மூன்று 0.8 காட்டி ஒன்று 3 காட்டினால் அந்த ஒன்றுதான் ஆள்.

டீசி அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் கழற்றாமலே ஒரு கதை தெரியும். (மலிவுக் கிளாம்ப் மீற்றர் பல ஏசி மட்டும்தான் அளக்கும், வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.) தகட்டுக்கு வரும் வயரைக் கிளாம்ப்புக்குள் விட்டு ஹீட்டரைப் போட்டால், 11, 12 வோல்ட் பிளக் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் 15 முதல் 25 அம்பியர் வரை இழுத்து, சூடேற ஏற 10 அம்பியருக்குக் கிட்ட இறங்கும். நான்குக்கும் சேர்த்து 40 அளவில் நிற்க வேண்டிய இடத்தில் 20 நின்றால், இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை.

கழற்றுவதென்றால் அவசரப்படாதீர்கள். முதல்நாள் மாலை மரை ஓரத்தில் துருநீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் இஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் கழற்றுங்கள். பெரும்பாலான டொயோட்டாக்களுக்கு ஆழமான 12 சொக்கட் பொருந்தும். இறுகினால் சற்று முன்னும் பின்னுமாக ஆட்டிக் கொண்டுவாருங்கள். பலத்தைப் போட்டால் பிளக் இரண்டாக முறிந்து பாதி ஹெட்டுக்குள் நின்றுவிடும். ஹெட் கழற்றும் செலவுக்கு முன்னால் நான்கு பிளக் விலை ஒன்றுமே இல்லை.

வெளியே வந்த பிளக்கின் முனையை நன்றாகப் பாருங்கள். எனக்கு மீற்றரைவிட இதில்தான் நம்பிக்கை. முனை சீராகச் சாம்பல் கறுப்பு என்றால் நல்லது. முனை உருகி, கரைந்து போயிருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் சீறாமல் ஒழுகுகிறது, அல்லது பம்ப் டைமிங் (டீசல் சீறும் நேரம்) முன்னே போய்விட்டது. புது பிளக்கும் அதே கதிக்குப் போகும். நான்கும் வயிறு ஊதியிருந்தால் கூடிய வோல்ட் போயிருக்கிறது: ரிலே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம், அல்லது 12 வோல்ட் இடத்தில் யாரோ 6 வோல்ட் பிளக் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் கசகசவென்று இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானத்தை யோசிக்க வேண்டும்.

மேசையில் சோதிக்க, பிளக்கை வைஸில் கடித்து, ஜம்ப் வயரால் உடம்புக்கு மைனஸும் தலைக்குப் பிளஸும் கொடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வீரர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் செய்யவேண்டாம். நல்ல பிளக் சில விநாடிகளில் நுனியிலிருந்து சிவக்கத் தொடங்கும். நுனி கறுப்பாகவே இருந்து நடுவுடம்பு சிவந்தால், ஓம் சரியாகக் காட்டியிருந்தாலும் அதைக் குப்பையில் போடுங்கள். 10 விநாடிக்கு மேல் கரண்ட் கொடுக்காதீர்கள். 11 அல்லது 12 வோல்ட் என்று உடம்பில் அச்சடித்த பிளக்குக்கு மட்டும் இந்தச் சோதனை.

கொமன் ரெயில் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். புதிய இஞ்சின்களில் 4.4 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகள் உண்டு, சில செரமிக். கொம்பியூட்டர் கரண்ட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறது. நேராகப் பற்றரியைக் கொடுத்தால் கண் முன்னே போய்விடும். செரமிக் பிளக் தரையில் விழுந்தாலே வெடிப்பு விழலாம். ஸ்கேனர் உள்ள கராஜில் எந்தச் சிலிண்டர் என்று பிழைக் கோட் எடுத்துவிட்டு, ஓம் மட்டும் அளப்பது புத்தி.

நம்மூர்க் குறுக்குவழிகள்

டைமர் பழுதானால் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெல் சுவிட்ச் போட்டு, விரலால் அமுக்கி ஹீட்டரைச் சூடாக்கும் பழக்கம் இங்கே நிறைய. ரிலேயின் சுருளை மட்டும் அந்தச் சுவிட்ச் இயக்குவதாக இருந்தால் நான் எதிர்ப்பில்லை, பலருக்கு நானே கட்டிக்கொடுத்திருக்கிறேன். எண்ணி எட்டு, பத்து விநாடி அமுக்கினால் போதும். சுவிட்ச்சுக்குள்ளாகவே 40 அம்பியரை ஓடவிட்டுக் கட்டுவதுதான் ஆபத்து. ஒரு நாள் புகையும். பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

காற்றுக் குழாயில் பெற்றோல் நனைத்த துணியை வைப்பதும், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் வேண்டவே வேண்டாம். ஹீட்டர் சிவந்து நிற்கும்போது அது உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர முன்பே வெடிக்கும். ரிங் முறிந்து, பிஸ்டன் விளிம்பு உடைந்து வந்த இஞ்சின்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

மாற்றுவதென்றால் பழைய பிளக்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், வோல்ட், மரை, முனை நீளம் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். நீளம் கூடினால் முனை இன்ஜெக்டரின் சீறலுக்குள் நிற்கும். ஒன்று செத்து மற்ற மூன்றும் ஒரே வயது என்றால் நான்கையும் மாற்றச் சொல்வேன். போன வருடம் மாற்றிய மூன்று நன்றாக அளந்தால் ஒன்று போதும். மாட்ட முன் மரையைத் துடைத்து, முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள். 10 மில்லிமீற்றர் மரைக்கு 15 நியூட்டன் மீற்றர் அளவுதான் இறுக்கம். மேலே தகட்டைப் பிடிக்கும் நட்டு அதைவிட மிகச் சின்னது; இரண்டு விரலால் ஸ்பானரைப் பிடித்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் புது பிளக்கின் தலை கையோடு வரும். தகட்டின் துளை ஓரங்களை எமரித்தாளால் தேய்த்துவிட்டு மாட்டினால் உப்புப் பிரச்சினை கொஞ்ச நாள் தள்ளிப்போகும்.

பிறகு காரை ஓர் இரவு ஆறவிட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். நான்கு பிளக்கும் நல்லது, தகட்டில் முழு வோல்ட், செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, அப்படியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் வயரிங் கடையில் உங்களுக்கு வேலை முடிந்தது. கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று நெரிபடும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள், இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பம்ப் கடையில் சீறவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பம்ப் டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.